ஐந்து மணிப் பாட்டும் அள்ளாத குப்பையும்

டோக்கியோவை அடுத்த சைத்தாமாவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். தினமும் மாலை ஐந்து மணிக்குத் தெரு ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கிறது. குப்பைப் பையை எடுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் எப்படிப் பழகுவது?
- ஒரு வாசகி, சைத்தாமா

பாட்டைக் கேட்டுப் பதறாதீர்கள். பூகம்பம், வெள்ளம் வந்தால் எச்சரிக்க வைத்திருக்கும் ஒலிபெருக்கி அது. வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கிறார்கள். விளையாடும் பிள்ளைகளுக்கு 'வீட்டுக்குப் போ' என்ற அறிவிப்பும் அதுவே.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், நாள் தவறு அல்லது பிரித்தது தவறு என்று பொருள். எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் என வகையைப் பொறுத்து நாள் மாறும். நகராட்சி அலுவலகத்தில் குப்பைக் காலண்டர் இலவசம், ஆங்கிலத்தில் உண்டா என்றும் கேளுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். குப்பையை முந்தைய இரவே வைக்காமல், அள்ளும் நாள் காலையில் வையுங்கள். காகம் கிளறாமலிருக்கப் போட்டிருக்கும் வலையால் பையை மூடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் பழக, இரு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஒரு துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொண்டுபோய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குடிவந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அவர்களாக வருவார்கள் என்று காத்திருந்தால், அடுத்த வீடு மாறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்!