மீந்த பதநீரில் புதுப் பதநீரை ஊற்றாதீர்கள்

பதநீர் புளித்துவிட்டால் வாங்கியவர் முதலில் கேட்பது, "சுண்ணாம்பு சரியாத் தடவலையா?" என்றுதான். சாயல்குடிப் பக்கம் பனையேறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். என் வீட்டுக்காரர் விடியுமுன் மரமேறி இறக்கிவருவதை வடிகட்டி, தெளியவைத்து, பஸ்ஸுக்கு அனுப்புவது வரை என் பொறுப்பு. எங்கள் கலயத்தில் குறை சொல்ல ஒருவருக்கும் இடம் வைத்ததில்லை.

ஒரு சித்திரையில் ராமநாதபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கேன் கேனாக வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல வெயில், நல்ல வியாபாரம். ஒருநாள் மதியம் போன் வந்தது. "என்னக்கா, கள்ளு அனுப்பியிருக்கீங்க? நுரை கட்டி வழியுது!" காலையில் அதே பானையிலிருந்து வீட்டுக்கென்று எடுத்துவைத்த பதநீரை உடனே குடித்துப் பார்த்தேன். தேனாக இருந்தது. நேரே பஸ் ஏறிப் போய்விட்டேன். கடைப் பையன்தான் உண்மையைச் சொன்னான்: "நேத்து மிச்சம் அடியில கிடந்துச்சு, அதுலதான் அக்கா ஊத்துனோம்." கேனைக் கழுவக்கூட இல்லை. ஆனாலும் அந்த மனிதர் தவறை ஏற்கவில்லை. எங்கள் சரக்கு சரியில்லை என்று பக்கத்துக் கடைகளிலும் சொல்லிவைத்தார். அந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு நட்டம்.

நட்டத்தை விட அந்தச் சொல்தான் வலித்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பனையேறியைப் பார்த்து "கள்ளு" என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னாலும் போலீஸ் வாசலுக்கு வந்து நிற்கும். புளிக்கவைத்தது யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் மரம் ஏறியவர்தான்.

மிச்சத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் கலயத்தின் மண் துளைகளிலும் இருக்கும் ஈஸ்டுக்கு அது விருந்து. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இரவில் வடிந்தது விடியும்போது கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரைதான் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும். முந்தின நாள் மிச்சத்தில் அந்தக் காரம் தீர்ந்து புளிப்பு ஏறியிருக்கும், ஈஸ்டும் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அதில் புதுப் பதநீரை ஊற்றினால், பழையதின் அமிலம் புதியதின் சுண்ணாம்பையும் தின்றுவிடும். பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். அதன்பின் எந்தப் பனையேறி எவ்வளவு சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பயனில்லை.

மற்றபடி செய்ய வேண்டியவை பனையேறி வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். கலயத்தைத் தினமும் கழுவி, அனலில் கவிழ்த்துக் காயவைத்து, உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு பூச வேண்டும். இறக்கியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, அசையாமல் வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல் தெளிவை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வரோ மண்பானையோ போதும்.

பாட்டிலில் வைப்பதானால் கழுத்துவரை நிரப்புங்கள்.  காய்ச்சாத பதநீரை மூடி இறுக்கி வெளியில் வைக்காதீர்கள். புளிக்கத் தொடங்கினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்தாலும் பச்சைப் பதநீர் மறுநாள்வரை என்றுதான் நான் கணக்கு வைப்பேன். மூன்று நான்கு நாள் வேண்டுமென்றால் சூடாக்கியே ஆகவேண்டும். தெளிவை ஒரு கொதி விட்டு, வெந்நீரில் அலசிய பாட்டிலில் சூட்டோடு நிரப்பி மூடி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரான்சில் 1860களில் லூயி பாஸ்டர் ஒயின் கெடுவதை ஆராய்ந்தபோது கண்டதும் இந்த வழிதான்: கொதிநிலைக்குக் கீழான சூடே கெடுக்கும் கிருமியை அடக்கிவிடும். பச்சைப் பதநீரின் வாசம் கொஞ்சம் போகும். போகட்டும், புளிப்பதைவிட அது மேல். திறந்த பாட்டிலை அன்றே முடித்துவிடுங்கள்.

அதற்கும் மேல் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நம் முன்னோர் காட்டிய வழி கருப்பட்டி. பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு முத்தைத் தூவிக் காய்ச்சி, பாகு முறுகியதும் சிரட்டையில் ஊற்றிவிட்டால் ஈரம் படாதவரை மாதக்கணக்கில் இருக்கும். நாங்கள் அனுப்பியது மிஞ்சினால் எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று இப்போது கடைக்காரர்களிடம் சொல்லியே கொடுக்கிறோம். அன்று மாலைக்குள் வந்தால் அதையும் அடுப்பில் ஏற்றிவிடுவோம்.

பதநீர் விற்கும் தம்பிமார்களே, தை முதல் ஆடி வரைதான் எங்களுக்குப் பிழைப்பு. சாயங்காலம் கேனைக் காலி செய்து வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் புதுப் பதநீர் வந்தபின் அதில் ஊற்றுங்கள். இதைச் செய்யாமல் மரம் ஏறியவர்மேல் பழி போடாதீர்கள்.