நடுவில் வேலை இல்லை என்றால் வீட்டு லோன் கிடைக்காதா?

2001-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதோடு, ஒரே இடத்தில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆகும் வாழ்க்கை ராபர்ட்சன்பேட்டையில் பெரும்பாலான வீடுகளுக்கு முடிந்துபோனது. விடியும் முன்னே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போகிற பிள்ளைகள், காண்டிராக்ட் மாறும்போதெல்லாம் இரண்டு மாதம், நாலு மாதம் வீட்டில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு நின்ற பெண்கள் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வேறு கம்பெனியில் சேருகிறார்கள். வீடு கட்டுவதைப் பற்றி இவர்களிடம் பேசினால் ஒரே பதில்தான்: “நடுவுல கேப் இருக்கு, பேங்க்ல தரமாட்டாங்க.” விண்ணப்பமே போடாமல் தனியாரிடம் மாத வட்டிக்கு வாங்கப் போகிறார்கள். தடை இருப்பது வேறு இடங்களில். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு குடும்பம் வட்டிக்காரரிடம் போய் நிற்கக் கூடாது.

“இரண்டு வருடம் விடாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம்.” சட்டம் இல்லை. வேலையில் இடைவெளி இருந்தால் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கொள்கை. இணையத்தில் படிக்கிற இரண்டு வருடக் கணக்கு அமெரிக்காவுடையது. அங்கேகூட, எஃப்ஹெச்ஏ காப்பீட்டுக் கடனில், ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர் புதிய வேலையில் ஆறு மாதம் இருந்து, இடைவெளிக்கு முன் இரண்டு வருட வேலையைக் காட்டினால் போதும். நம் ஊர் வங்கிகள் பொதுவாகக் கேட்பது கடைசி மூன்று முதல் ஆறு மாத பே ஸ்லிப், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16. போன மாதம் சேர்ந்தவர் இந்த மாதமே ஓட வேண்டாம். ப்ரொபேஷன் முடிந்து கன்ஃபர்மேஷன் கடிதம் வரட்டும்.

பிஎஃப் கணக்கையும் அதற்குள் சரிபார்த்துவிடுங்கள். பழைய காண்டிராக்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்வதுபோல சர்வீஸ் ஹிஸ்டரி காட்டும். கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழிந்த பிறகு, அந்தத் தேதியை யுஏஎன் தளத்தில் நீங்களே பதியலாம். பிரசவ விடுப்பிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. இஎஸ்ஐ-யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணம் கம்பெனியிலிருந்து வராது, இஎஸ்ஐ-யிலிருந்து நேராகக் கணக்கில் ஏறும். பிஎஃப் பாஸ்புக்கில் அந்த மாதங்கள் காலியாகக் கிடக்கும். அது வேலையில்லாத காலம் அல்ல. இஎஸ்ஐ பணம் ஏறிய பக்கத்தையும் விடுப்புக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

“வேலை போனால் சிபில் விழுந்துவிடும்.” வேலை போனதை ஸ்கோர் கணக்கில் எடுப்பதில்லை. தவணை தவறியதைத்தான் எடுக்கிறது. நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். சம்பளம் இல்லாத மாதங்களில் கிரெடிட் கார்டு பாக்கி ஏறுகிறது. வசூல்காரர் போன் போட்டு “பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்” என்கிறார். நிம்மதி என்று கட்டிவிடுகிறோம். ரிப்போர்ட்டில் அது ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்த வங்கிக்கு அதன் பொருள், இவர் முழுக் கடனையும் கட்டவில்லை என்பது. நான்கு மாதம் வேலை இல்லாததை ஒரு மேனேஜர் எளிதாகப் புரிந்துகொள்வார். அந்த ஒரு சொல்லைத் தாண்டி வர மாட்டார். அடகு நகையும் அப்படித்தான். ஒழுங்காக மீட்டால் அதுவே நல்ல கடன் வரலாறு, மூழ்கவிட்டால் அதுவும் பதிவாகும். நண்பனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அவன் தவறும் தவணை உங்கள் ரிப்போர்ட்டில் நிற்கும்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணை ஒத்திவைப்பு பெற்றவர்களுக்கு, அந்த மாதங்களைத் தவறிய தவணையாகக் காட்டக் கூடாது. காட்டியிருந்தால் புகார் கொடுங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதி.

“சம்பளம் நல்லா இருந்தால் போதும்.” கைக்கு 40,000 வருகிறது என்று வையுங்கள். எல்லாத் தவணைக்குமாகப் பாதியை வங்கி ஏற்றுக்கொண்டால் 20,000. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை. ஆக 23 லட்சம் வரை கிடைக்கும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் 4,000 ரூபாய் தவணையில் பைக் எடுத்திருந்தால் அது 18.4 லட்சமாகக் குறைகிறது.

“அப்பாவுக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தைக் காட்டினால் லோன் தருவார்கள்.” மொத்தப் பணம் வருமானம் ஆகாது. முன்பணத்துக்கு உதவும்: 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது, மிச்சம் நம் கையிலிருந்துதான். மனைவியோ கணவரோ இணை விண்ணப்பதாரராகச் சேர்ந்தால் இருவர் வருமானமும் கணக்கில் வரும். இடைவெளியில் தையல், டியூஷன், சின்னக் கடை என்று சம்பாதித்திருந்தால் ஐடிஆர்-4 சுகம் படிவத்தில் காட்டிவிடுங்கள். கணக்கில் காட்டாத பணம் வங்கியைப் பொறுத்தவரை வராத பணம்.

வேலை விஷயம் எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு நின்றுபோகலாம். மைன்ஸ் குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறை குடியிருந்தாலும், உங்கள் பெயரில் பதிவான பத்திரம் இல்லாமல் அதை அடமானமாக எந்த வங்கியும் எடுக்காது. மனை வாங்கினால் இ-காத்தாவும் வில்லங்கச் சான்றும் முதலில் கையில் இருக்க வேண்டும். அவற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகும் “கேப் இருக்கு, ஆகாது” என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், எழுதிக் கேளுங்கள். கடன் எந்தத் தொகையாக இருந்தாலும், மறுத்ததற்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்தில் தர வேண்டும் என்று 2007-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளில் ‘வேலை இடைவெளி’ என்று இருந்தால் ஆறு மாத பே ஸ்லிப்போடு வேறு வங்கிக்குப் போகலாம். ‘செட்டில்டு’ என்று இருந்தால் முதலில் போக வேண்டியது பழைய கார்டு கம்பெனிக்கு: மீதியைக் கட்டி, என்ஓசி வாங்கி, ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லுங்கள்.