காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் ஆர்.எக்ஸ். 100

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு பதினைந்து கிக். ஒருமுறை சூடாகிவிட்டால் சாயங்காலம் வரை ஒரே கிக். வீட்டில் ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் நண்பர்களே, இதுக்கு "என்ஜினை இறக்கி போர் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிடாதீங்க. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. ஒரிஜினல் பிஸ்டனும் கார்புரேட்டரும் கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சூட்டில் ஒரே கிக்கில் எடுக்குதுன்னா டைமிங்கும் கம்ப்ரஷனும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. அப்போ குளிரில் மட்டும் கூடுதலாக என்ன தேவைப்படுது? பெட்ரோல் ஆவி. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். பெட்ரோல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த என்ஜினில் அதில் லேசானவை மட்டுமே ஆவியாகும். அதனால் பாடத்தில் படிச்ச 14.7:1 இங்கே போதாது. பெட்ரோலை அதிகமாக ஊற்றினால்தான் தேவையான ஆவி கிடைக்கும். அந்த வேலைக்குத்தான் சோக்.

இந்த வண்டியின் மிகுனி கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. பெட்ரோலை உறிஞ்சும் ஒரு தனிப்பாதை. த்ராட்டில் மூடியிருந்தால்தான் அங்கே உறிஞ்சும் வேகம் கிடைக்கும். நம்மில் பாதிப்பேர் சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே உதைக்கிறோம். சோக் போட்டும் போடாத கதைதான். நாளைக்கு கையை எடுத்துட்டு உதைச்சுப் பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட் இது.

அப்படியும் எடுக்கலையா? ஏழெட்டு கிக் அடிச்சதும் பிளக்கைக் கழற்றுங்க.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரலை. ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் ஓரத்தில் கிணறு மாதிரி ஒரு குழி தெரியும். சோக்குக்கு பெட்ரோல் போவது அதன் அடியில் உள்ள ஊசித்துளை வழியாக. ஜெட்டையெல்லாம் பளபளன்னு துடைப்பவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். பல வாரம் நின்ற வண்டி என்றால் கிண்ணத்தில் இருக்கும் பழைய பெட்ரோலில் லேசான பகுதி ஏற்கெனவே பறந்திருக்கும், அதைக் கொட்டிடுங்க. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் வேணும், ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டிக்கு இது கூடுதல் தலைவலி.

பிளக் நனைந்திருந்தால் சந்தேகம் ஸ்பார்க் மேல். வெளியே வைத்துப் பார்க்கும்போது நீலமாக வருதேன்னு நிம்மதியாகாதீங்க. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக்கில் இடைவெளியும் அகன்றிருக்கும். புது பிளக்கை 0.7 மி.மீ. அளவில் வைத்துப் போடுங்க. மெக்கானிக்கிடம் போகும் முன் செய்ய வேண்டிய மலிவான வேலை இதுதான். (ஸ்பார்க் பார்க்கும்போது பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடிங்க, உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி!)

பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியா இருந்தும் எடுக்கலைன்னா, பிளக் ஓட்டையில் சில சொட்டு டூ-டி ஆயில் விட்டு உதைங்க. உடனே எடுத்தால் ரிங் தேய்ந்திருக்கு. அதிலும் மாற்றம் இல்லையென்றால் கிராங்க் சீல். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். சீல் கசிந்தால் கலவை மேலே ஏறாது. கியர் ஆயில் குறைந்து வெள்ளைப்புகை வந்தால் கிளட்ச் பக்க சீல். ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் மேக்னட் பக்க சீல். மேக்னட்டைக் கழற்றினாலே அதை மாற்றிவிடலாம், என்ஜினை இறக்க வேண்டாம்.