கோபத்தைச் சொல்லித் தந்தவர் யார்?

மேற்கு வங்காளத்தில் சாந்த்ராகாச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவை ஒட்டிய ஊர். அங்கே பெரிய ரயில் நிலையம் உண்டு. பக்கத்திலேயே ஓர் ஏரி. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் அதில் வந்து இறங்கும்.

பள்ளிச் சிறுவன் ஒருவன் அந்தக் கரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கையில் கல். எறிந்தால் பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பும். அவனுக்கு வேடிக்கை. ஆனால் பறவைகள் மிரளும். கூட நிற்பவர்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கையை அடக்குவது, அடுத்தவரை நினைப்பது, பொறுத்திருப்பது எல்லாம் பாடங்கள்தாம். கணக்கைப் போல இவற்றையும் பள்ளியில் சொல்லித் தர முடியுமா?

முடியும். ஆனால் வாயால் சொன்னால் மட்டும் போதாது.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1861-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். சிறுவயதில் அவர் படித்த பள்ளியில், பாடம் ஒப்பிக்காத பையனைப் பெஞ்சின் மேல் ஏற்றுவார்கள். கைகளை நீட்டச் சொல்வார்கள். உள்ளங்கைகளில் சிலேட்டுகளை அடுக்குவார்கள்.

வீட்டில் சிறுவன் தாகூர் என்ன செய்தார் தெரியுமா? பிரம்பை எடுத்துக்கொண்டு வாத்தியார் ஆனார். தாழ்வாரத்து மரக் கம்பிகள்தாம் மாணவர்கள். அவற்றில் நல்ல கம்பி உண்டு, கெட்ட கம்பியும் உண்டு! கெட்ட கம்பிகளுக்கு ஓயாமல் அடி. வாத்தியாரின் பாடம் மனதில் ஏற நாளாகும், அவருடைய கோபமோ உடனே ஒட்டிக்கொள்ளும் என்ற கருத்தைத் தாகூரே பிறகு எழுதினார்.

அவர் 1901-இல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் ஐந்தே மாணவர்கள். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பிள்ளைகளே தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தவறு செய்தவனைப் பிள்ளைகளின் சபையே விசாரித்தது. இன்று நான் சொல்லும் தீர்ப்பு நாளை என் மேலும் வரலாம் அல்லவா? அதனால் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

நம் காலத்திலும் இந்த முயற்சி உண்டு. 2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளில் 'மகிழ்ச்சி வகுப்பு' தொடங்கியது. நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை. சிறிது நேரம் அமைதியாக உட்காருவது, கதை கேட்பது, மனதில் பட்டதைப் பேசுவது. பரீட்சை வைக்கவில்லை. அது சரிதான். அன்புக்குப் பத்துக்கு நாலு என்று மார்க் போட முடியுமா? ஆனால் அடுத்த வகுப்பில் ஆசிரியர் "மக்குப் பயலே" என்று திட்டினால், பிள்ளை எதைக் கற்கும்?

சட்டமும் இதைப் பார்க்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 17-ஆவது பிரிவின்படி பிள்ளையை அடிக்கக் கூடாது. மனதை நோகடிக்கவும் கூடாது. நாமோ வாத்தியாரிடம் போய், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்கிறோம். பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிள்ளை முகம் வாடி வீட்டுக்கு வரும் நாளில், "எத்தனை மார்க்?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். "என்னம்மா ஆச்சு?" என்பது முதல் கேள்வி. பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். இது நமக்குத்தான் கஷ்டம்.

கூடிப் பேசுங்கள்:

உங்கள் வீட்டில் கோபம் வந்தால் யார், எப்படிப் பேசுகிறார்கள்? பிள்ளைகள் விளையாடும்போது அந்தச் சொற்கள் திரும்பக் கேட்கின்றனவா?