6,300 ரூபாய் கெரட்டின், 75 நாளில் காலி: பார்லர் செலவுக்கும் ஒரு தேய்மானக் கணக்கு

பிஎஃப், டேர்ம் இன்சூரன்ஸ், புது வரி முறை பழைய வரி முறை எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு பார்லர். "சிஏ படிச்சுட்டு இதெல்லாமா பேசுவீங்க"ன்னு கமெண்ட் வரும், தெரியும். ஆனா 25 ஆயிரம், 30 ஆயிரம் சம்பளம் வாங்குற எத்தனையோ பேரோட பேங்க் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்திருக்கேன். டீ, ஸ்விக்கி எல்லாத்தையும் குறை சொல்லுவோம். பார்லர் செலவு மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும், அதனால கண்ணுல படாம தப்பிச்சுடும்.

என் சொந்த ஊர் திருத்தணிக்குப் பக்கத்துல பள்ளிப்பட்டு. ஆந்திர எல்லை. தெருவுல பாதிப் பேச்சு தெலுங்குலதான் நடக்கும். போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்தா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை, கைக்கு 23 ஆயிரம் வருது. "அக்கா, ஆர்டி-யை நிறுத்திடலாமா? மாசம் ஆயிரம் ரூபாய் கட்ட முடியல"ன்னு கேட்டா. ஏன்னு கேட்டா ஒரு ஈஎம்ஐ போகுதாம். எதுக்குன்னு தோண்டிக் கேட்டப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு: அண்ணன் கல்யாணத்துக்காக முடிக்கு கெரட்டின். பில் 6,000, ஜிஎஸ்டி 300, மொத்தம் 6,300. கிரெடிட் கார்டுல 6 மாச ஈஎம்ஐ.

"சரி, முடி நல்லாத்தானே இருக்கும்?"

"எங்கக்கா... ரெண்டரை மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கு."

இங்கதான் என் தொழில் புத்தி வேலை செஞ்சுது. ஆபீஸ்ல ஒரு மெஷின் வாங்கினா அதன் விலையை ஒரே நாள்ல செலவா எழுத மாட்டோம். எத்தனை வருஷம் உழைக்குமோ அத்தனை வருஷத்துக்குப் பிரிச்சு எழுதுவோம். அதுதான் தேய்மானம். இவளோட கெரட்டினுக்கும் அதையே போட்டேன். 6,300-ஐ 75 நாளால வகுத்தா நாளைக்கு 84 ரூபாய். திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படின்னு சொல்லுவாங்க இல்லையா? அந்த மாதிரி படிக்கு 84 ரூபாய் வெச்சுக்கிட்டே ஏறினா உச்சிக்குப் போறதுக்குள்ள 30,660 ரூபாய். அவளோட ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டிடுச்சு. (நிஜத்துல யாரும் வருஷத்துக்கு அஞ்சு தடவை கெரட்டின் போட மாட்டாங்க, ஒத்துக்கிறேன். ஒரு தடவை போட்டுட்டு, போனதும் வருத்தப்பட்டுட்டு, அடுத்த கல்யாணம் வரைக்கும் காத்திருப்பாங்க. ஆனா ஒரு நாளைக்கு என்ன விலை குடுக்கிறோம்னு தெரிய இந்தக் கணக்கு வேணும்.)

நாளை எண்ணாதீங்க, குளியலை எண்ணுங்க

தேய்மானத்துல இன்னொரு முறை இருக்கு. மெஷின் எத்தனை வருஷம் ஓடிச்சுன்னு பார்க்காம, எத்தனை பீஸ் அடிச்சதுன்னு பார்த்துத் தேய்மானம் போடுறது. கெரட்டினுக்கு அதுதான் பொருத்தம். ஏன்னா கெரட்டின்ங்கிறது முடி மேல சூட்டால படிய வைக்கிற ஒரு பூச்சு மாதிரி. நாள் போறதால அது போகாது, ஷாம்பு போடப் போடத்தான் போகும்.

அவகிட்ட கேட்டேன், வாரத்துக்கு எத்தனை தடவை தலைக்குக் குளிக்கிறேன்னு. கம்பெனி பஸ், தூசி, வேர்வை. ஞாயிறு தவிர தினமும்னா. வாரத்துக்கு ஆறு. 75 நாள்ல சுமார் 64 குளியல். அதே 64 குளியலை வாரத்துக்கு மூணுன்னு வெச்சா 150 நாள் வரும். நாளைக்கு 84 ரூபாய் இருந்தது 42 ஆயிடும். துல்லியமா இப்படியே நடக்கும்னு நான் கியாரண்டி குடுக்கல, ஒவ்வொருத்தர் முடியும் வேற. ஆனா திசை இதுதான்.

தினமும் பஸ்ல போறவங்க மூணு தடவையோட எப்படி நிறுத்துறது? தூசி தலையில ஏறாம இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். காட்டன் துப்பட்டாவைத் தலையைச் சுத்திக் கட்டிக்கோங்க, பைக்ல போனா ஹெல்மெட்டுக்குள்ளயும் அதே. முடியை விரிச்சுப் போடாம தளர்வா ஒரு பின்னல். எங்க பக்கம் நெசவு ஊர். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டையில வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். மெல்லிசான துணிக்கா பஞ்சம்? தலையணை உறைக்குன்னு சாட்டின் கவர் ஆன்லைன்ல 500 ரூபாய்க்கு விக்கிறாங்க. அம்மாவோட கிழிஞ்ச பட்டுப் புடவையில ஒண்ணு தைச்சுக்கிட்டா அதே வேலை நடக்கும்: முடி உரசாது, செலவு பூஜ்யம்.

அப்புறம் ஷாம்பு. பாட்டிலுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல 'சோடியம் லாரில் சல்ஃபேட்', 'சோடியம் லாரெத் சல்ஃபேட்'ன்னு இருந்தா அது அழுக்கோட பூச்சையும் சேர்த்து இழுக்கும். சல்ஃபேட் இல்லாத ஷாம்புவும் ஒரு கண்டிஷனரும் சேர்த்து 900 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வாரத்துக்கு மூணு தடவைன்னா 150 நாளுக்கு இழுத்துப் பிடிச்சு வந்துடும். நாளைக்கு 6 ரூபாய். 42-ஓட 6 சேர்த்தா 48. அப்பவும் 84-க்கு 36 ரூபாய் மிச்சம். 30 நாளுக்கு 1,080. அவ நிறுத்தப் பார்த்த ஆர்டி எவ்வளவு? ஆயிரம்!

பார்லர்லயே விக்கிற 'ஆஃப்டர் கேர் கிட்' வாங்கணுமான்னு கேப்பீங்க. கட்டாயம் இல்ல. உள்ளே என்ன கலந்திருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டு, வெளியில அதே சரக்கு என்ன விலைன்னு பாருங்க. சீரம், மாஸ்க், ஸ்பான்னு நாலு டப்பாவா குடுத்தா, அதுல முதல் ரெண்டே ரெண்டுதான் உண்மையான பராமரிப்புச் செலவு.

தண்ணியைச் சொல்லாம விட்டா பாவம். எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் முடியிலயும் படிஞ்சு சொரசொரப்பாக்கும். கெரட்டினே போயிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். காய்ச்சி ஆறவெச்சா ஒரு பகுதி கடினத்தன்மைதான் போகும், முழுசாப் போகாது. நான் செய்யுறது: குளிச்சு முடிச்சதும் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி 3 லிட்டர். 20 லிட்டர் கேன் 30 ரூபாய்னா ஒரு அலசலுக்கு நாலரை ரூபாய். வாரத்துக்கு மூணு தடவைன்னாலும் மாசம் 60 ரூபாய்க்குள்ள முடியும். மழைக்காலத்துல மொட்டைமாடித் தண்ணி பிடிச்சு வெச்சா அதுவும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியலுக்கு எங்கம்மா என்கிட்ட சண்டைக்கே வருவாங்க. ஆனா தலை நிறைய எண்ணெய் வெச்சு, அதை எடுக்க சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்ச்சா, ஒரே குளியல்ல நாலு குளியலுக்கான தேய்மானம். கெரட்டின் இருக்குற வரைக்கும் நுனிக்கு ரெண்டு சொட்டு போதும்.

எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது

ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் வேற கதை. அதுல முடிக்குள்ள இருக்குற பிணைப்பையே உடைச்சு நேராக்குறாங்க. செஞ்ச முடி நேராவேதான் இருக்கும். பிரச்சினை வேர்ல புதுசா வளர்றது. திருத்தணியிலயோ திருப்பதியிலயோ மொட்டை போட்டவங்களைக் கேளுங்க, மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறு மாசத்துல ஆறு சென்டிமீட்டர். அதுக்காகத் தலை முழுக்க மறுபடி செஞ்சுக்கக் கூடாது. காசும் போகும், ஏற்கெனவே மருந்து பட்ட முடி ஒடியவும் செய்யும். "வேருக்கு மட்டும் எவ்வளவு?"ன்னு கேளுங்க. கலரிங்குக்கும் இதே கேள்விதான். வெள்ளை தெரியுறது வேர்ல. ரூட் டச்-அப் போதும், குளோபல் கலர் ஒவ்வொரு தடவையும் தேவையில்ல. இந்த ஒரு கேள்விக்கு பில் பாதிக்கும் கீழ இறங்கினதை நானே பார்த்திருக்கேன்.

வாக்ஸிங்: ரெண்டு வாரத்துல லேசா முளைக்குதேன்னு ரேஸரை எடுக்காதீங்க. எடுத்தா அடுத்த வாக்ஸிங்குக்கு முடி மறுபடி நீளணும், கணக்கு முதல்லேருந்து. பெடிக்யூருக்கு ராத்திரி குதிகாலுக்கு வாஸ்லினும் ஒரு ஜோடி பழைய சாக்ஸும். ஜெல் நெயில் பாலிஷைப் பிச்சு எடுக்காதீங்க, நகத்தோட மேல்தோலும் சேர்ந்து வரும். த்ரெடிங்கை நீட்டிக்க வழியே இல்ல, விடுங்க.

ஃபேஷியல்? என் கருத்து, அது சொத்தே இல்ல, அன்னைக்குச் செலவு. சினிமா டிக்கெட் மாதிரி. பிடிச்சா போங்க, பளபளப்பு மாசக்கணக்குல நிக்கும்னு நம்பிக் காசு கட்டாதீங்க. அந்த 1,500 ரூபாயில ஒரு நல்ல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் வாங்கி, ரெண்டு விரல் நீளத்துக்குத் தினமும் போட்டா முகத்துக்கு அதைவிட நல்லது.

பில்லைத் திருப்பிப் பாருங்க

2025 செப்டம்பர் 22-லேருந்து சலூன், பார்லர் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துலேருந்து 5 ஆயிடுச்சு. ஷாம்பு, தலை எண்ணெய்க்கும் அப்படியே. 6,000 ரூபாய் வேலைக்கு முன்னாடி வரி 1,080, இப்போ 300. இன்னமும் 18 போட்டு பில் வந்தா அங்கேயே கேளுங்க. ஆனா கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு: இந்த 5 சதவீதத்துல அவங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதனால அடிப்படை விலையைச் சில இடங்கள்ல ஏத்தியிருப்பாங்க. வரியை மட்டும் பார்க்காம மொத்தத்தைப் பாருங்க.

வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்குற சின்ன பார்லர், ஜிஎஸ்டி பதிவே எடுக்கத் தேவையில்ல. பதிவு எடுக்காதவங்க வரின்னு தனியா வசூலிக்கவும் கூடாது. பில்லுல ஜிஎஸ்டி எண் இல்லாம ஜிஎஸ்டி தொகை மட்டும் இருந்தா, அந்தத் தொகையைக் குடுக்காதீங்க. எங்க ஊர்க்காரங்க கேக்குற கேள்வி ஒண்ணு: "நகரிக்குப் போய் செஞ்சுக்கிட்டா வரி கம்மியா?" இல்ல. பெட்ரோல்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஜிஎஸ்டி விகிதம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆந்திரால செஞ்சா மாநிலப் பங்கு அவங்களுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

10 ஆயிரம் கட்டுங்க, 12 ஆயிரத்துக்குச் சேவைன்னு ஒரு ப்ரீபெய்டு பேக்கேஜ் வரும். பார்க்க 20 சதவீத லாபம். ஆனா நீங்க அந்தக் கடைக்கு வட்டியில்லாம, எந்தப் பிணையும் இல்லாம கடன் குடுத்திருக்கீங்க. கடை மூடினா வரிசையில கடைசி ஆள் நீங்க. நானே ஒரு இடத்துல இப்படி 4,000 ரூபாய் விட்டிருக்கேன். ஒரு நாள் போனா ஷட்டர் இறங்கி, வாடகைக்குன்னு போர்டு தொங்குது. பில்லையும், எத்தனை மாசம் செல்லும்ங்கிறதையும் எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. தகராறுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியா அந்த ஈஎம்ஐ. சலூன் வேலைக்கு வரி 5 சதவீதம்தான். கார்டு ஈஎம்ஐ வட்டி மேல போடுற ஜிஎஸ்டி 18. பாக்கியைக் கட்டாம மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு வந்தா பல கார்டுகள்ல மாசம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி, வருஷத்துக்கு 42. அதைவிட முக்கியமா நான் அவகிட்ட சொன்னது: 75 நாள் நிக்கிற பொருளுக்கு 180 நாள் கடன் வாங்காதே. பொருள் போன பிறகும் தவணை ஓடினா, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். மாசம் 500 தனியா எடுத்து வெச்சு, சேர்ந்ததும் ரொக்கமா போய் செஞ்சுக்கோ. 13 மாசம் ஆகும். ஆகட்டுமே.

இன்னொண்ணு, இது காசு விஷயம் இல்ல. சில ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்துகள் அயர்ன் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். கண்ணு எரிஞ்சா, தலை வலிச்சா, எழுந்து வெளிய வந்துடுங்க. காசு போனாலும் பரவாயில்ல. கர்ப்பமா இருக்குறவங்க, கிட்னி பிரச்சினை இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம உட்காராதீங்க. மிச்சம் பிடிக்கிறேன்னு இந்தச் சரக்கை ஆன்லைன்ல வாங்கி, ஜன்னல் இல்லாத ரூம்ல தங்கச்சியை வெச்சு நீங்களே போட்டுக்குறதும் வேண்டாம்.

அந்தப் பொண்ணு ஆர்டி-யை நிறுத்தல. தீபாவளி போனஸ்ல மூணு தவணையையும் மொத்தமா அடைக்கலாம்னா. முன்கூட்டியே முடிக்க அபராதம் உண்டான்னு கார்டு கம்பெனியில முதல்ல கேட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன். அபராதமும் அதுக்கு மேல வர்ற 18 சதவீதமும் சேர்ந்து மிச்ச வட்டியைவிடக் கூடுதலா இருந்தா, மாசாமாசம் கட்டி முடிக்கிறதே மேல். போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா: குளியலறைக் கதவுக்குப் பின்னாடி காலண்டர், தலைக்குக் குளிச்ச நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம். அந்த வாரத்துல நாலு வட்டம் இருந்துச்சு.