ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்

அன்புள்ள கோவை வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் 16 பேர். அதில் ஒழுங்காக கோல்ஃப் ஆடத் தெரிந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் டிரைவிங் ரேஞ்சுக்குப் போய் நாலைந்து வாளிப் பந்துகளை அடித்துப் பழகியவர்கள். மீதி ஒன்பது பேர் இந்த ஆட்டத்தை டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. செட்டிப்பாளையம் மைதானத்தில் ஒரு சனிக்கிழமைக் காலைக்கு இடம் கேட்டு வைத்துவிட்டு, "எந்த முறையில் ஆடினால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கோப்பை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் மட்டைக்கும் கிளப் என்றுதான் பெயர், மன்றத்துக்கும் கிளப் என்றுதான் பெயர். குழப்பம் வேண்டாமென்று நான் மட்டை என்றே எழுதுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக இப்படி ஒரு நாளை ஏற்பாடு செய்தபோது எந்த முறையையும் யோசிக்கவில்லை. அவரவர் பந்தை அவரவர் அடிக்க வேண்டும், எல்லா அடியையும் எண்ண வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது குழியிலேயே எங்களோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் மணல் பள்ளத்துக்குள் இறங்கினார். ஏழாவது அடியில் பந்து வெளியே வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. கடைசியில் அட்டையில் 14 என்று எழுதினேன். அவர் அட்டையைப் பார்த்தார், மட்டையைப் பைக்குள் செருகினார், மிச்ச நேரமெல்லாம் வண்டியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். 18 குழியும் முடிய ஆறரை மணி நேரம் ஆனது. பிரியாணி ஆறிப்போயிருந்தது. அந்த அம்மாவையோ மைதானத்தையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. பிசகு என்னுடையது.

ஆடத் தெரியாதவர் ஒதுங்கிப்போவது கிட்டிப்புள் ஆடிய காலத்திலேயே நமக்குத் தெரிந்திருந்தது. உத்தி பிரிக்கும்போது சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவர் ஒரு பெயரைக் கேட்பார், ஆள் இந்தப் பக்கம் வந்துவிடுவான். ஜோடி சேராமல் மிஞ்சுகிற பொடியன் ஒப்புக்குச் சப்பாணி. இன்றைக்குச் சொல்லக் கூசுகிற பெயர்தான், ஆனாலும் அந்த நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. களத்தில் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான். உங்கள் ஒன்பது பேரும் அன்றைக்கு அப்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

யாரைக் கேட்டாலும் ஸ்க்ராம்பிள் வையுங்கள் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் அப்படியே வைக்காதீர்கள். ஓர் அணிக்கு நான்கு பேர். நால்வரும் தொடக்க மேடையிலிருந்து அடிக்கிறார்கள். நான்கில் நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து, நால்வரும் அங்கிருந்தே அடுத்த அடியை அடிக்கிறார்கள். குழியில் விழும்வரை இதே கதை. அணிக்கு ஒரே எண்ணிக்கை. ஊரெல்லாம் ஆடுகிற இந்த முறைக்கு கோல்ஃப் விதிப்புத்தகத்தில் தனி அத்தியாயம் கிடையாது. விருந்து ஆட்டமாகவே வளர்ந்த பிள்ளை.

இதில் புதியவர் அடித்த அசிங்கமான அடி யாரையும் பாதிக்காது, அது நல்லது. அதே காரணத்தால் அவர் அடித்த அடி யாருக்கும் தேவைப்படவும் செய்யாது. தெரிந்தவர் ஒருவர் அடித்துக்கொண்டே போவார், மற்ற மூவரும் மூன்று மணி நேரம் பந்து பொறுக்குவார்கள். திரும்பவும் ஒப்புக்குச் சப்பாணிதான்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. முதலாவது, ஒவ்வொருவருடைய தொடக்க அடியையும் குறைந்தது இரண்டு முறையாவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது. 9 குழி ஆடினால், ஆளுக்கு இரண்டு வீதம் எட்டுக் குழி போய்விடும். ஒரே ஒரு குழிதான் அணியின் இஷ்டத்துக்கு. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் ஐந்தாவது குழிக்கு வந்ததும் நடப்பதைப் பாருங்கள். அதுவரை தன் அடியை ரசித்துக்கொண்டிருந்த கெட்டிக்காரர் திடீரென்று அட்டையை வாங்கிப் பார்ப்பார். "இவருடையது இன்னும் இரண்டு பாக்கி இருக்கே!" என்று பதறுவார். பிறகு புதியவர் பக்கத்தில் போய் நின்று, "மெதுவா சார், தலையைத் தூக்காதீங்க, பந்தையே பாருங்க" என்று கெஞ்சுவார். பந்து தரையோடு உருண்டு எண்பது கஜம் நேராகப் போனால் நால்வரும் கை தட்டுவார்கள். அந்த எண்பது கஜம் அன்றைக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது.

இரண்டாவது வைத்தியத்துக்கு ஃப்ளோரிடா ஸ்க்ராம்பிள் என்று பெயர். யாருடைய பந்தைத் தேர்ந்தெடுத்தார்களோ அவர் அடுத்த அடியை அடிக்கக் கூடாது. கெட்டிக்காரரின் கை இப்படிக் கட்டப்பட்டுவிடும். தொடக்க அடி போக, ஒவ்வொரு இடத்திலும் நான்குக்குப் பதில் மூன்று அடிதான் என்பதால் நேரமும் மிச்சம். இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

அணி பிரிக்கும்போது உங்கள் நான்கு கெட்டிக்காரர்களும் அணிக்கு ஒருவராகப் போகட்டும். ரேஞ்சில் பழகிய மூவரும் மூன்று அணிகளுக்கு ஒருவர். நான்காவது அணியில் மூன்று பேருமே புதியவர்கள். ஆட்டக்காரர்களின் திறமை வித்தியாசத்தைச் சமன்செய்கிற ஹேண்டிகேப் கணக்குக்கு 2020இல் வந்த உலகப் பொதுமுறையில் நால்வர் ஸ்க்ராம்பிளுக்கு 25, 20, 15, 10 சதவீதம் என்றொரு பரிந்துரை இருக்கிறது. ஹேண்டிகேப் எண்ணே இல்லாத ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள். அந்த வேலைக்குத்தான் நூல் இருக்கிறது.

எனக்கு இருப்பதிலேயே ரொம்பப் பிடித்தது இந்த நூல் ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு நூற்கண்டும் கத்தரிக்கோலும் கொடுப்பார்கள். பந்து எங்கே கிடந்தாலும், எவ்வளவு தூரம் நகர்த்துகிறீர்களோ அவ்வளவு நூலை வெட்டிப் போட்டுவிட்டு, அடி எண்ணிக்கை ஏறாமல் நகர்த்திக்கொள்ளலாம். மரத்துக்குப் பின்னால் மாட்டியதா, ஒரு முழம் வெட்டு, வெளியே வா. குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டதா, ஒரு சாண் வெட்டினால் குழியில் விழுந்ததாகவே கணக்கு. நூல் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நூல் எவ்வளவு என்றால், புதியவர் ஒருவருக்கு நான்கு முழம். மூன்று அணிகளுக்குத் தலா எட்டு முழம், மூன்று புதியவர்கள் உள்ள அணிக்குப் பன்னிரண்டு. மீட்டர் கணக்கில் அளக்காதீர்கள். முழம் போட ஆரம்பித்தால் "யார் கையால் முழம்?" என்று பூக்காரம்மாவிடம் பேரம் பேசுவதுபோல ஒரு சண்டை வரும். ஆட்டம் தொடங்குமுன் அந்தச் சண்டை கட்டாயம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. இது நானாகச் சேர்த்துக்கொண்டது. நூலும் கத்தரிக்கோலும் அணியிலேயே புதியவரின் கையில்தான் இருக்க வேண்டும். வெட்டலாமா கூடாதா என்பது அவர் முடிவு. பதினைந்து வருஷம் ஆடியவர் மணலில் நின்றுகொண்டு, நேற்றுச் சேர்ந்த பயிற்சிப் பெண்ணிடம் "ரெண்டு முழம் கொடும்மா" என்று கேட்பதும், அந்தப் பெண் குழியையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "கடைசிக் குழிக்கு வேணும் சார், நீங்க அடிச்சிடுங்க" என்று சொல்வதும் கண்கொள்ளாக் காட்சி.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோல்ஃபைக் கெடுப்பது காத்திருப்புதான். 18 குழி வேண்டாம், 9 போதும். ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்திருப்பதுதான் பார்; எந்தக் குழிக்கும் உச்சவரம்பு, அதன் பாரைப்போல இரண்டு மடங்கு. அதைத் தொட்டதும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு குழிக்கு இவ்வளவுக்குமேல் எண்ண வேண்டாம் என்கிற முறைக்கு 2019 விதிப்புத்தகமே இடம் கொடுத்துவிட்டது. அதற்கு வெகு முன்பே, 1932இல், இங்கிலாந்தின் வாலசி மன்றத்தில் ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற டாக்டர் ஒரு புள்ளி முறையை ஆடவைத்தார். பாருக்கு 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, அதற்கும் மேலே போனால் சைபர். சைபர் ஆகிவிட்டால் மேற்கொண்டு அடிக்க அவசியமே இல்லை, பந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு குழியில் சறுக்கியதற்காக நாள் முழுக்க அழ வேண்டியதில்லை என்று அந்த டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அது. மணல் பள்ளத்து அம்மாவுக்கு நான் அதைக் கொடுத்திருக்கலாம்.

நான்கு அணிகளும் ஒரே மேடையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால், முதலில் கிளம்பியவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கடைசி அணி வந்து சேரும். மன்றத்தில் சம்மதித்தால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாவது குழிகளிலிருந்து நான்கு அணியும் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். இதற்கு ஷாட்கன் ஸ்டார்ட் என்று பேர் வந்தது சும்மா இல்லை. 1956இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா மன்றத்தில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக நிஜமாகவே துப்பாக்கியால் சுட்டுத் தொடங்கிவைத்தார்கள். உங்களுக்கு விசில் போதும். காலை ஆறரைக்கு ஊதினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

இனி, செய்யக் கூடாதவை. இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கிற ஃபோர்சம்ஸ், ரைடர் கோப்பையில் 1927 முதல் இருக்கிற கம்பீரமான முறைதான். ஆனால் நீங்கள் முள்ளுக்குள் அடித்த பந்தை உங்கள் மேலதிகாரி குனிந்து எடுத்து அடிக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டுமல்லவா? மஞ்சள் பந்து முறையையும் தவிருங்கள். ஒரு கலர்ப் பந்து குழிக்கு ஒருவராகக் கைமாறும், அந்தக் குழியில் அவருடைய எண்ணிக்கை கட்டாயம் சேரும், பந்து தொலைந்தால் அணியின் கதை முடிந்தது. பழகியவர்களுக்கு அருமையான ஆட்டம். புதியவர் கையில் அந்தப் பந்தைக் கொடுத்தால் முந்தின ராத்திரியே அவருக்குத் தூக்கம் போய்விடும். பந்தயம் கட்டி ஆடுகிற ஸ்கின்ஸ், உல்ஃப் எல்லாம் நண்பர்களோடு சரி, அலுவலகத்தில் வேண்டாம்.

உங்கள் கெட்டிக்காரர்கள் நால்வருக்கும் சப்பென்று இருக்குமே என்று யோசிப்பீர்கள். இருக்கட்டுமே, அவர்களுக்கு மற்ற ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

பரிசு விஷயத்தில் வழக்கமாக மிக நீண்ட அடிக்கு ஒன்று, கொடிக்கு மிக அருகில் விழுந்த அடிக்கு ஒன்று என்று வைப்பார்கள். இரண்டையும் யார் வாங்குவார் என்று இப்போதே சொல்லிவிடலாம். அதற்குப் பதில் ஒரு குழியில் மேடைக்கும் குழிக்கும் இடையிலுள்ள புல்வெளியின் நடுவே நீளமாக ஒரு கயிற்றைப் போட்டுவையுங்கள். கயிற்றுக்கு மிக அருகில் பந்தை நிறுத்தியவருக்குப் பரிசு, தூரம் கணக்கில்லை. தரையோடு உருண்ட பந்துகள் ஜெயிக்கிற இடம் அது. ஜப்பானில் அலுவலக கோல்ஃப் போட்டிகளில் கடைசிக்கு முந்தின இடத்துக்கு ஒரு பரிசு கொடுப்பார்கள். கடைசி இடத்துக்கு என்றால் யாராவது வேண்டுமென்றே தோற்றுவிடக்கூடும். கடைசிக்கு முந்தின இடத்தைத் திட்டமிட்டுப் பிடிப்பது லேசில்லை. நான்கே அணி என்பதால் உங்களுக்கு அது மூன்றாம் இடம். அதற்கே பெரிய பரிசாகக் கொடுத்துவிடுங்கள், முதல் இடத்துக்கு ஒரு டப்பா பந்து போதும்.

காலர் வைத்த டி-ஷர்ட் போட்டு வரவேண்டும், ஜீன்ஸ் கூடாது என்று 16 பேருக்கும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மன்றங்கள் இதில் கறாராக இருக்கும். யாராவது மட்டையை வீசும்போது எதிரே நிற்கக் கூடாது, பந்து ஆள்மேல் போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும் என்பதையும் தொடங்குமுன் ஐந்து நிமிஷம் நிறுத்திச் சொல்லுங்கள். நூல், பூ கட்டுகிற நூலாக இல்லாமல் கொஞ்சம் தடித்த சணலாக இருந்தால் புல்லில் கண்ணுக்குத் தெரியும். அணிக்கொரு கத்தரிக்கோலை மறந்துவிடாதீர்கள். சென்ற முறை ஒன்றை மறந்துவிட்டோம், எங்கள் அணியில் நூலைக் கடித்தே துண்டாக்கினோம். ஒவ்வொரு தடவையும் அரை விரற்கடை நஷ்டம்.

அன்புடன்,
உங்கள் கடிதக்காரன்