உடல் நிறையைக் குறைத்தல்: எட்டக்கூடிய இலக்கே நிலைக்கும்

சைவ சமயம் உடம்பை இகழ்ந்து ஒதுக்கும் சமயமன்று. உடம்பினுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்து அவ்வுடம்பைப் பேணியதாகத் திருமூல நாயனார் திருமந்திரத்தில் அருளியுள்ளார். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் கூறும் கருத்தாகும். ஆலயத்தைத் தூய்மையாக வைத்திருப்பது எவ்வாறு தொண்டாகின்றதோ, அவ்வாறே உடம்பை நோயின்றி வைத்திருப்பதும் ஒரு தொண்டேயாகும்.

முன்னைய தலைமுறையினர் உடல் நிறையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளினர், தோட்டம் கொத்தினர், உரலில் மா இடித்தனர். 1990களில் எரிபொருள் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதியவர்கள்கூடத் துவிச்சக்கரவண்டியிலேயே பல மைல் தூரம் சென்று வந்தனர். இன்று நீர் இறைக்க மோட்டார், மா அரைக்க ஆலை, சந்திக்குப் போக மோட்டார் சைக்கிள் என எல்லாம் வந்துவிட்டன. உழைப்பு குறைந்தது, ஆனால் கோப்பையில் போடும் சோற்றின் அளவு குறையவில்லை. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய்களாக மாறியமைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும்.

அளவான நிறை எது?

ஒருவரின் நிறையைக் கிலோகிராமில் எடுத்து, அதனை மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி எனப்படும். ஆசிய மக்களுக்கு இது 23ஐத் தாண்டும்போதே நோய் ஆபத்து கூடத் தொடங்குகின்றது எனவும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் எனவும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. இடுப்புச் சுற்றளவும் முக்கியமானது. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருத்தல் நன்று.

முதல் இலக்கு

உதாரணமாக, 155 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையும் உடைய ஒரு குடும்பத் தலைவியை எடுத்துக்கொள்வோம். அவரது சுட்டி ஏறத்தாழ 30 ஆகும். அட்டவணையைப் பார்த்து, "55 கிலோவுக்கு வரவேண்டும், அதுவும் அடுத்த திருவிழாவுக்குள் வரவேண்டும்" என்று அவர் தீர்மானித்தால், 17 கிலோ என்ற அந்த மலையைப் பார்த்தே மனம் சோர்ந்துவிடும். இரண்டு கிழமை பட்டினி கிடந்து, மூன்றாம் கிழமை பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்.

உள்ள நிறையில் 5 முதல் 10 வீதத்தைக் குறைத்தாலே குருதியில் வெல்லமும் குருதி அமுக்கமும் சீரடையத் தொடங்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. எனவே அந்தத் தாயாரின் முதல் இலக்கு 17 கிலோ அன்று; ஏறத்தாழ மூன்றரைக் கிலோவே. கிழமைக்கு அரைக்கிலோ குறைவது நல்ல வேகம். அதைவிட மெதுவாகக் குறைந்தாலும் மூன்று நான்கு மாதங்களில் இந்த இலக்கை எட்டலாம். அதைச் சில மாதம் நிலைநிறுத்திய பின்னர் அடுத்த இலக்கை வைக்கலாம்.

2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்றாகும். நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 3,000இற்கும் மேற்பட்டோர் அதில் பங்குபற்றினர். ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு, நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடுவதுமே. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், இத்தகைய பயிற்சி பெறாத பிரிவினரோடு ஒப்பிடுகையில் இவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்திருந்தது. சிறிய இலக்கு சிறிய பலனைத்தான் தரும் என்பதில்லை.

நிறையை அன்று, செயலை இலக்காக்குக

தராசு முள் மனிதர் சொற்கேட்டு நகர்வதில்லை. ஆனால் நடப்பதும் உண்பதும் அவரவர் கையில் உள்ளன. ஆகவே "இந்த மாதம் இரண்டு கிலோ குறைப்பேன்" என்பதிலும் "கிழமையில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பேன்" என்பதே சிறந்த இலக்கு. இதுவே 150 நிமிடமாகும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். பேசக்கூடியதாக, ஆனால் பாட முடியாததாக மூச்சு இருக்க வேண்டும் என்பது நடையின் வேகத்துக்கு எளிய அளவுகோல். நெஞ்சு நோவு, கடும் இளைப்பு, தலைச்சுற்று ஏற்படின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும். தசை வலுவுக்குத் தோட்ட வேலையும், கதிரையில் இருந்து எழுந்து அமரும் பயிற்சியும் கிழமைக்கு இரு தடவையேனும் உதவும். வயது முதிர்ந்தவர்களுக்கு இது மிக அவசியம்.

உணவிலும் சிறு மாற்றமே நிலைக்கும். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 50 கிராம் சீனி. அதாவது ஏறத்தாழ 200 கலோரி. அரைமணி நேர நடையில் செலவாவது பெரும்பாலும் அதைவிடக் குறைவே. கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, சோற்றையோ புட்டையோ கால்வாசியாக்கி, மிகுதிக் கால்வாசியில் பருப்பு, கடலை, மீன், முட்டை போன்றவற்றை வைத்தால் பசியும் ஆறும், அளவும் குறையும்.

விரதமும் நிறைக்குறைப்பும்

கந்தசஷ்டி முதலிய விரதங்கள் மனத்தை ஒருமைப்படுத்தி இறைவனைச் சிந்திப்பதற்காக அனுட்டிக்கப்படுபவை. அவற்றை நிறை குறைக்கும் வழியாகக் கொள்வது விரதத்தின் நோக்கத்தையும் குறைக்கும், பலனும் தராது. ஆறு நாள் உணவைக் குறைக்கும்போது இறங்கும் நிறையில் பெரும்பகுதி உடலிலுள்ள நீரே. பாறணைக்குப் பின் சில நாட்களில் அது திரும்பி வந்துவிடும்.

இன்சுலின் ஏற்றுபவர்களும் நீரிழிவு மாத்திரை பாவிப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் உணவை விடுவது ஆபத்தானது. வியர்த்தல், நடுக்கம், தடுமாற்றம் ஆகியன குருதியில் வெல்லம் மிகவும் குறைந்துவிட்டதன் அடையாளங்களாகும். அவ்வேளையில் உடனே சீனி கரைத்த நீரோ இனிப்போ கொடுக்க வேண்டும்; மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விரதத்தை இடையில் விட்டால் தெய்வக் குற்றமாகும் என அஞ்சத் தேவையில்லை. நோயுற்றவர் தம் நிலைக்கேற்ப எளிய முறையில் விரதம் இருப்பதை முருகப்பெருமான் ஏற்றுக்கொள்ள மாட்டாரோ?

நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். நண்பகல் வெயிலில் கொதிக்கும் வீதி மணலில் வெறுங்காலுடன் பிரதட்சணம் செய்யும்போது, சூடு தெரியாமலே காலில் கொப்புளம் உண்டாகலாம். கவனியாத புண் காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். இத்தகையோர் அதிகாலையிலோ மாலையிலோ வீதி வலம் வருதலும், தினமும் இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுதலும் உகந்தவை.

தடை வரும்போது

திருவிழாவும் கல்யாணமும் வந்தால் ஒன்றிரண்டு கிலோ ஏறத்தான் செய்யும். சில மாதம் கழித்து நிறை குறையாமல் ஓரிடத்தில் நிற்பதும் இயல்பே. "எல்லாம் வீணாயிற்று" என்று கைவிடாமல் மறுநாளே பழைய ஒழுங்குக்குத் திரும்புவதே வெற்றி. கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைத்தால் போதும். வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் நிறைக்குறைப்பில் தாமாக இறங்கக் கூடாது. முயற்சி எதுவுமின்றி நிறை குறைந்தால் மகிழாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது நீரிழிவு போன்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம். அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறை, இடுப்பளவு, குருதி அமுக்கம், குருதி வெல்லம் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

தேரின் வடத்தைப் பிடிக்கும்போது ஒரே இழுப்பில் தேரை இருப்பிடத்துக்குக் கொண்டுவர எவரும் எண்ணுவதில்லை. அடி அடியாக, பலர் சேர்ந்து இழுக்கவே தேர் வீதி சுற்றி வருகின்றது. குடும்பத்தவர் கூடி, சிறு இலக்கை வைத்து, நாளும் தவறாது முயன்றால் உடல்நலமும் அவ்வாறே கைகூடும். அதற்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணைநிற்பதாக.